உங்கள் டிஷ் பார்த்துக்கொண்டிருந்த செயற்கைக்கோள் எங்கே போனது?

செவிலிமேட்டில் உங்கள் வீட்டு மாடியில் தூரதர்ஷனின் இலவச டிஷ் இருந்தால், அது தென்கிழக்கே அண்ணாந்து பார்த்தபடி நிற்கும். அது பார்க்கும் இடம் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகை. 2007 முதல் அங்கே இருந்த இன்சாட்-4பி இப்போது அங்கே இல்லை.

விழுந்துவிட்டதா? இல்லை. அது இருந்தது 35,786 கி.மீ. உயரத்தில், புவிநிலைப் பாதையில் (பூமி சுழலும் வேகத்துக்கே சுற்றுவதால், ஓரிடத்தில் நிற்பதுபோல் தெரியும் பாதை). அங்கே உராய்ந்து இறங்கக் காற்று கிடையாது. எரிபொருள் தீர்ந்தாலும் அங்கேயேதான் அலையும்.

அலையட்டுமே என்கிறீர்களா? உலகத்துக்கே அந்த வளையம் ஒன்றுதான். கட்டுப்பாடில்லாமல் அலைவது இன்னொன்றின் மேல் மோதினால், டிவி மட்டுமல்ல, வானிலை எச்சரிக்கையும் நின்றுபோகலாம்.

கீழே இறக்கி எரித்துவிடலாமே? அதற்கு, சற்று மேலே தள்ளத் தேவைப்படுவதைப்போல ஏறக்குறைய நூறு மடங்கு எரிபொருள் வேண்டும். அதனால் மேலே தள்ளிவிடுகிறார்கள். மிச்சமிருக்கும் கடைசி எரிபொருளைச் சேவைக்கே செலவழித்துவிடாமல், இதற்கென்று எடுத்துவைக்க வேண்டும். என் பார்வையில், ஒரு செயற்கைக்கோளை நடத்துபவரின் பொறுப்புணர்வு தெரிவது இங்கேதான்.

இன்சாட்-4பி-க்கு இஸ்ரோ அதைச் செய்தது. 12 ஆண்டுக்கென்று செய்த அது ஏறக்குறைய 15 ஆண்டு உழைத்தது. 2022 ஜனவரி 17 முதல் 23 வரை 11 முறை உந்தி, பழைய பாதைக்கு 340 கி.மீ. மேலே ஏற்றினார்கள். சர்வதேச வழிகாட்டுதல்படி 273 கி.மீ. போதும். 24ஆம் தேதி அதை நிரந்தரமாக அணைத்தார்கள். பின்னாளில் வெடித்துச் சிதறக் கூடாதே என்றுதான் இப்படி மின்சாரத்தையும் துண்டிப்பது.

அப்படியானால் டிஷ்ஷைத் திருப்ப வேண்டுமா? வேண்டாம். 2015 நவம்பரில் ஏவிய ஜிசாட்-15 அதே 93.5 பாகையில் நின்று சேவையைத் தொடர்கிறது. பழையது விலகுமுன் புதியதை அதே இடத்தில் வைத்துவிட்டால், பார்ப்பவருக்கு மாற்றமே தெரியாது. புதியது வேறு பாகையில் இருந்தால்தான் டிஷ்ஷைத் திருப்ப வேண்டிவரும். அப்போதும் பழைய டிஷ்ஷே பெரும்பாலும் போதும்.

"செயற்கைக்கோள் மாறிவிட்டது, புது டிஷ் வாங்குங்கள்" என்று யாராவது வந்து சொன்னால் உடனே பணம் கொடுக்காதீர்கள். எந்தப் பாகையிலிருந்து எந்தப் பாகைக்கு மாறியது என்று கேளுங்கள். பாகை மாறவில்லை என்றால், செட்டாப் பாக்ஸில் சேனல்களை மறுபடி தேடவிட்டுப் பாருங்கள்.