பிரவுசருக்கு ஒரு நியாயம்: கோப்புத் தேடல் பெட்டி, அன்றும் இன்றும்

சர்வரில் இருக்கும் கோப்புகளைப் பிரவுசரிலேயே பார்க்க உதவும் பக்கங்களில், பட்டியலுக்கு மேலே ஒரு சின்னத் தேடல் பெட்டி இருக்கும். பெயரில் இரண்டு எழுத்தைத் தட்டினால் போதும், ஆயிரம் கோப்புகள் கொண்ட பட்டியல் ஐந்தாறாகச் சுருங்கிவிடும். பார்ப்பதற்கு எளிய வேலைதான். ஆனால் இதே பெட்டி ஒரு பிரவுசரில் ஒழுங்காக ஓடி, இன்னொன்றில் முரண்டு பிடித்தால், காரணம் கண்டுபிடிப்பது அன்றும் எளிதாக இருந்ததில்லை, இன்றும் இல்லை. மாறியிருப்பது பிழை ஒளிந்திருக்கும் இடம்.

2005-ஐ ஒட்டிய காலம். 2001-இல் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 பெரும்பாலான கணினிகளை ஆண்டுகொண்டிருந்தது. 2004 நவம்பரில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 1.0 மெல்ல இடம்பிடித்து வந்தது. அன்றைய கோப்புப் பட்டியல் ஒரு டேபிள். கோப்புக்கு ஒரு வரிசை. தேடலுக்குப் பொருந்தாத வரிசைகளை மறைக்க வேண்டும், பெட்டியைக் காலி செய்ததும் திரும்பக் காட்ட வேண்டும். மறைப்பதில் தகராறு இல்லை. காட்டுவதில்தான் வம்பு. வரிசையின் டிஸ்ப்ளே மதிப்பை ‘பிளாக்’ என்று வைத்தால் எக்ஸ்ப்ளோரரில் சரியாக வரும். ஃபயர்ஃபாக்ஸிலோ பெயர், அளவு, தேதி எல்லாம் முதல் பத்திக்குள் போய் நெருக்கியடித்து நிற்கும். விதிமுறைப்படி ‘டேபிள்-ரோ’ என்று எழுதினால் ஃபயர்ஃபாக்ஸ் ஏற்றுக்கொள்ளும். எக்ஸ்ப்ளோரருக்கு அந்த மதிப்பே தெரியாது, பிழைச் செய்தி காட்டி நிரலை அங்கேயே நிறுத்திவிடும். தீர்வு என்னவென்றால், எதையும் எழுதாமல் மதிப்பை வெற்றாக விட்டுவிடுவது. வரிசை தன் இயல்புக்குத் திரும்பிவிடும், இரண்டு பிரவுசரிலும்.

தட்டச்சைக் கவனிப்பதிலும் இதே கதை. விசையிலிருந்து விரல் எடுத்ததும் வடிகட்டு என்று எழுதினால், மவுஸால் ஒட்டிய சொல்லுக்குப் பட்டியல் அசையாது. அதற்கென்று இருக்கும் ‘இன்புட்’ நிகழ்வு எக்ஸ்ப்ளோரர் 9-இல், 2011-இல்தான் வந்தது. அதுவும் அரைகுறை: எழுத்தைச் சேர்த்தால் சொல்லும், அழித்தால் சொல்லாது. ஆகவே பட்டியல் சுருங்கும், விரியாது. அடுத்த இரண்டு பதிப்புகளில் வேறு கோளாறு. பெட்டிக்குள் ‘தேடுக’ என்று வெளிறிய குறிப்பு இருந்தால், கர்சரை வைத்தாலே ஏதோ தட்டிவிட்டதாக எடுத்துக்கொள்ளும்.

கருவிகளும் கைவசம் இல்லை. நிரலில் வரிக்கு வரி அலர்ட் போட்டுத்தான் எங்கே நிற்கிறது என்று பார்த்தார்கள். 2006-இல் ஃபயர்பக் என்ற பிழைதேடும் கருவி வந்தபோது ஃபயர்ஃபாக்ஸ் பக்கம் கண் திறந்தது. எக்ஸ்ப்ளோரருக்குள்ளேயே உருப்படியான கருவி 2009-இல் எட்டாம் பதிப்போடுதான் வந்தது. ‘இந்தத் தளம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் சிறப்பாகத் தெரியும்’ என்று பக்கத்தின் அடியில் எழுதிவைத்துத் தப்பித்தவர்கள் ஏராளம்.

இன்று அந்தக் குழப்பக் காடு அழிந்துவிட்டது. எக்ஸ்ப்ளோரருக்குப் பின் வந்த எட்ஜ் 2020-இல் குரோமின் அடித்தளமான குரோமியத்துக்கு மாறியது. 2022 ஜூன் 15-இல் எக்ஸ்ப்ளோரர் 11-க்கு மைக்ரோசாஃப்ட் விடை கொடுத்தது. பரவலாக மிஞ்சியவை பிளிங்க், வெப்கிட், கெக்கோ என்ற மூன்று எஞ்சின்கள். ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மொஸில்லா எல்லாம் 2022 முதல் ‘இன்டராப்’ என்ற பெயரில் ஆண்டுதோறும் பொதுச் சோதனைகளை வைத்து வேறுபாடுகளைக் குறைத்து வருகின்றன. பெரிய முன்னேற்றம் இது.

அப்படியிருந்தும் புகார் வருகிறது. “ஃபோல்டரே காலியா இருக்கு சார், ஃபைல் எல்லாம் போயிடுச்சு.” டெவலப்பர் தன் கணினியில் திறந்தால் எல்லாக் கோப்பும் இருக்கும். நடந்தது இதுதான்: பிரவுசர் சேமித்து வைத்திருந்த பயனர் பெயரைத் தேடல் பெட்டிக்குள் தானாகவே நிரப்பிவிட்டது. அந்தப் பெயரில் ஒரு கோப்பும் இல்லாததால் வடிகட்டி எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. தானாக நிரப்பாதே என்று நிரலில் எழுதினாலும் குரோம் பல நேரம் பொருட்படுத்துவதில்லை. ஃபயர்ஃபாக்ஸின் பழக்கம் வேறு. பக்கத்தை ரீலோட் செய்தாலும் பெட்டியில் தட்டிய சொல்லை அது வைத்திருக்கும். நிரலோ புதிதாகத் தொடங்கி முழுப் பட்டியலையும் காட்டும். பெட்டியில் ஒரு சொல், கீழே அதற்குத் தொடர்பில்லாத பட்டியல். இங்கே பிழைச் செய்தி எதுவும் வராது. எந்தப் பிரவுசரும் கெட்டுப்போகவில்லை. அதனதன் விதிப்படி அதது சரியாகவே நடந்துகொள்கிறது. அதனால்தான் இன்றைய பிழையைப் பிடிப்பது அன்றையதைவிடக் கடினம் என்பேன்.

பழைய ஐபோனில் பக்கம் மொத்தமாகச் செத்துக் கிடப்பதும் உண்டு. ஒரு சொல்லுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பின்னோக்கிப் பார்க்கும் ரெகெக்ஸ் வசதி குரோமில் 2017-இலேயே வந்துவிட்டது; சஃபாரிக்கு 2023 மார்ச்சில், 16.4 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முந்தைய சஃபாரி அந்த வசதியைப் பயன்படுத்தும் ஒரு வரியைப் பார்த்ததும் நிரல் கோப்பு முழுவதையும் நிராகரித்துவிடும். ‘குரோமில் முயன்று பாருங்கள்’ என்று ஐபோன்காரரிடம் சொல்வதில் பயனும் இல்லை. ஐபோனில் குரோமுக்குள்ளும் ஓடுவது சஃபாரியின் எஞ்சினான வெப்கிட்தான். 2024-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் வேறு எஞ்சினுக்கு ஆப்பிள் இடம் கொடுத்தது.

தமிழில் கோப்புக்குப் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ‘கோயில்’ என்ற பெயரில் இருக்கும் ‘கோ’வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்து, அல்லது ஏகாரக் குறியும் காலுமாக இரண்டைச் சேர்த்து. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மேக் கணினிகளின் பழைய கோப்பு முறைமை பெயர்களை இப்படிப் பிரித்துத்தான் சேமித்தது. 2017-இல் வந்த புதிய முறைமை கொடுத்ததைக் கொடுத்தபடி வைக்கிறது; ஆனால் பழைய மேக்கிலிருந்து ஏற்றப்பட்ட கோப்புகள் பிரிந்த வடிவிலேயே சர்வர்களில் கிடக்கின்றன. நீங்கள் சேர்ந்த வடிவில் தட்டினால் ‘கோப்பு இல்லை’ என்று வரும், பழி பிரவுசர்மேல் விழும். இரண்டு பக்கத்தையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் ‘நார்மலைஸ்’ கட்டளை 2015-ஆம் ஆண்டு ஜாவாஸ்கிரிப்ட் தரத்திலேயே இருக்கிறது, ஒரே வரி. எக்ஸ்ப்ளோரர் 11-இல் அது இல்லை என்பது அன்று நியாயமான சாக்கு. இன்று அந்தச் சாக்கு செல்லாது.

கைபேசியில் தட்டும்போதும் கவனம் வேண்டும். ஆண்ட்ராய்டு விசைப்பலகைகள் பெரும்பாலும் எந்த விசையை அழுத்தினாலும் 229 என்ற ஒரே எண்ணையே தருகின்றன. விசையின் எண்ணைப் பார்த்து வேலை செய்யும் பழைய வடிகட்டி அங்கே குருடு.

எனவே இத்தகைய பக்கங்களை உருவாக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பக்கம் திறந்ததும் பெட்டியில் என்ன இருக்கிறதோ அதை வைத்து வடிகட்டியை ஒருமுறை ஓட்டிவிடுங்கள். பட்டியல் காலியானால் வெறும் வெள்ளையாக விடாமல், எந்தச் சொல்லைத் தேடியதால் காலியானது என்று எழுதிக் காட்டுங்கள். வெளியிடும் முன் குரோம், சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ் மூன்றிலும், கடவுச்சொல் சேமித்த ஒரு கணக்கிலும், ஒரு கைபேசியிலும் ‘கோயில்’ என்று தட்டிப் பாருங்கள். புகார் சொல்பவரிடம் ‘எனக்கு ஓடுகிறதே’ என்று சொல்லும் முன், அவருடைய தேடல் பெட்டியில் இப்போது என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள்.