காலுக்கடியில் இறங்கும் பிரேக்

பெருநாள் விடுமுறையில் குடும்பத்தாருடன் ஏற்காடு சென்று வரத் தீர்மானித்திருக்கிறீர்கள். வீட்டில் இருப்பதோ 2008ஆம் ஆண்டில் வாங்கிய மாருதி 800. நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் சில நாட்களாக ஒரு சிறு குறை. சிக்னலில் பிரேக்கை மிதித்தபடி நிற்கும்போது, பெடல் உங்கள் காலுக்கடியில் மெல்ல மெல்ல இறங்குகிறது. காலை எடுத்து மீண்டும் மிதித்தால் பழையபடி மேலே நிற்கிறது. அவசரமாக ஓங்கி மிதித்தாலும் வண்டி நின்றுவிடுகிறது. பட்டறையில் காட்டினால், டப்பாவில் சிறிது பிரேக் ஆயிலை ஊற்றிவிட்டு, "ஒன்றுமில்லை பாய், இரண்டு தடவை மிதித்தால் பிடிக்கும்" என்று அனுப்பிவிடுகிறார்கள். நீங்களும் நிம்மதியாக வீடு திரும்புகிறீர்கள்.

அந்த நிம்மதியைத்தான் நாம் சந்தேகிக்க வேண்டும். சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏறும்போது பிரேக்குக்கு அதிக வேலையில்லை. இறங்கும்போதுதான் அதன் உண்மை நிலை தெரியவரும்.

பெடல் கெடுவதில் பல வகைகள் உண்டு. காலில் படும் உணர்வே பெரும்பாலும் நோயைச் சொல்லிவிடும். பஞ்சை மிதிப்பது போல மெத்தென்று இருந்தால் குழாய்களுக்குள் காற்று புகுந்திருக்கக்கூடும். ஆயில் அழுத்தத்திற்குச் சுருங்காது, காற்று சுருங்கிவிடும். ஆகவே உங்கள் மிதியின் ஒரு பகுதி காற்றைச் சுருக்குவதிலேயே வீணாகிறது. பெடல் கல்லைப் போல இறுகிவிட்டால் பூஸ்டரையும், எஞ்சினிலிருந்து அதற்கு வரும் ரப்பர் குழாயையும் பார்க்க வேண்டும். முதல் மிதியில் ஆழமாகப் போய், இரண்டாம் மிதியில் மேலே வந்து அங்கேயே நின்றால், பின்சக்கர டிரம்முக்குள் லைனிங் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கலாம். நாம் முதலில் கூறிய வகை, அதாவது மிதித்த காலுடனே அமைதியாக இறங்கும் பெடல், இவற்றிலிருந்து வேறானது. அதற்கு இரண்டே காரணங்களைத் தேடினால் பெரும்பாலும் போதும்: ஒன்று, ஆயில் எங்கோ வெளியே கசிகிறது, மற்றது, மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள்ளேயே கசிகிறது.

வீட்டு வாசலிலேயே இதைச் சோதிக்கலாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு ஐந்தாறு முறை பெடலை மிதியுங்கள். பிறகு மிதித்த காலை எடுக்காமல் எஞ்சினை இயக்குங்கள். பெடல் சற்றே இறங்கி நின்றால் பூஸ்டர் வேலை செய்கிறது என்று பொருள், அது குறையன்று. அதன்பின் மிதமான அழுத்தத்துடன் ஒரு நிமிடம் அப்படியே மிதித்திருங்கள். பெடல் தரையை நோக்கி நகர்கிறதா?

நகர்ந்தால், இறங்கி வந்து நான்கு சக்கரங்களின் உட்புறத்தையும், ஹோஸ் குழாய்களையும், மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டருடன் சேரும் இடத்தையும் விளக்கடித்துப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் கசிவின் இடம் அகப்பட்டுவிட்டது. எங்கும் ஈரமில்லை, டப்பாவில் அளவும் குறையவில்லை, ஆயினும் பெடல் இறங்குகிறது என்றால், மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷர்கள் தேய்ந்துவிட்டன என்றே பெரும்பாலும் கொள்ளலாம்.

ஓங்கி மிதித்தால் மட்டும் அது ஏன் பிடிக்கிறது? அந்த வாஷர் கிண்ணம் போன்ற வடிவுடையது. பலத்த அழுத்தத்தில் அதன் உதடு விரிந்து சிலிண்டரின் சுவரோடு இறுக ஒட்டிக்கொள்ளும். மென்மையாக மிதிக்கும்போது அவ்வளவு விரியாததால், தேய்ந்த உதட்டின் ஓரமாக ஆயில் நழுவிப் பின்னால் சென்றுவிடும். இக்காரணத்தால்தான் பட்டறை வாசலில் "பிடிக்கிறதே" என்று சொல்ல முடிகிறது. உதடு முற்றிலும் கிழிந்த பிறகு எப்படி மிதித்தாலும் பயனில்லை.

இந்நிலையில் புதிய ஆயில் ஊற்றுவதாலோ, காற்றை மட்டும் எடுப்பதாலோ குறை தீராது. சில வேளைகளில் அதிகரிக்கவும் கூடும். பழைய வண்டியில் காற்றெடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதித்துத் தள்ளுவது நம் ஊர்ப் பட்டறைகளில் வழக்கம். அன்றாடம் வாஷர் சென்று வராத சிலிண்டரின் முனைப்பகுதியில் துருவும் படிவும் சேர்ந்திருக்கும். வாஷர் அங்கே தள்ளப்படும்போது அதன் உதடு கீறிவிடும். காலையில் ஓரளவு நன்றாயிருந்த பிரேக், பழுது பார்த்த மாலையிலேயே கெடுவதன் இரகசியம் இதுவே. பெடலின் கீழே ஒரு மரக்கட்டையை வைத்து மிதித்தால் இதைத் தவிர்க்கலாம். செலவில்லாத யோசனை, ஆனால் சொன்னால்தான் செய்வார்கள்!

சிலிண்டரைக் கழற்றிய பின் உட்சுவரைக் கண்ணால் பார்க்கக் கேளுங்கள். வழவழப்பாக இருந்தால் ரப்பர் கிட் மட்டும் மாற்றலாம். குழியோ கீறலோ இருந்தால் புதிய ரப்பரும் விரைவில் தேய்ந்துவிடும். முழுச் சிலிண்டரையே மாற்றுவதே சரி. இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். ரப்பர் பாகங்களைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவ விடாதீர்கள், அவை ஊதிவிடும். நாம் ஆயில் என்று சொன்னாலும் பிரேக் ஆயில் எண்ணெயன்று. அந்த டப்பாவில் எஞ்சின் ஆயிலை ஊற்றினால் எல்லா வாஷர்களும் கெட்டுப்போகும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகையின் கொதிநிலை புதியதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பின் 140 வரை தாழ்ந்துவிடலாம். டாட் 4 வகைக்கு இவை முறையே 230, 155. மலையிறக்கத்தில் சூடேறி ஆயில் கொதித்தால் ஆவி உண்டாகி, பெடல் பஞ்சாகிவிடும். எனவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயில் முழுவதையும் மாற்றுவது நலம். பல மாதங்களுக்கு முன் திறந்து வைத்த டின் வேண்டாம். எந்த வகை என்பது டப்பாவின் மூடியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். வண்டியின் பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.

புதிய சிலிண்டர் பொருத்திய பிறகு, கையேட்டில் கூறியுள்ள வரிசைப்படி ஒவ்வொரு சக்கரத்திலும் காற்றெடுக்க வேண்டும். நிப்பிளில் மாட்டிய கண்ணாடிக் குழாயில் குமிழ்கள் நிற்கும்வரை விடக்கூடாது. பெடலிலிருந்து காலை எடுக்குமுன் நிப்பிளை மூடிவிட வேண்டும். ஏ.பி.எஸ். உள்ள கார்களுக்கு முறை சற்று வேறுபடலாம். அதற்குரிய கருவி உள்ளவரிடமே கொடுங்கள்.

வண்டி கைக்கு வந்ததும் அதே ஒரு நிமிடச் சோதனையை மெக்கானிக்கின் முன்னிலையிலேயே செய்து பாருங்கள். பெடல் அசையாமல் நின்றால், ஆளில்லாத தெருவில் மெதுவாக ஓட்டி நாலைந்து முறை நிறுத்திப் பாருங்கள். மறுநாள் காலையில் டப்பாவின் அளவையும் சக்கரங்களின் உட்புறத்தையும் மீண்டும் ஒருமுறை பார்த்துவிட்டு, அதன் பிறகு ஏற்காட்டுக்குப் பெட்டியைக் கட்டுங்கள்.