இறந்த மகளும் இருந்த மகளும்

வீட்டில் ஒரு குழந்தை போய்விட்டால் என்ன ஆகிறது என்று உங்களுக்குத் தெரியாதா, சகோதரி? போன குழந்தையின் படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றி வைக்கிறோம். பேச்செல்லாம் அதைப் பற்றித்தான். அதே வீட்டில், கதவோரமாக நின்றுகொண்டு, 'நம்மை யாராவது திரும்பிப் பார்ப்பார்களா?' என்று ஏங்கும் இன்னொரு குழந்தையைத்தான் மறந்துபோகிறோம்.

உலகம் கொண்டாடிய ஒரு மகாகவியின் வீட்டிலும் இப்படித்தான் நடந்தது.

1950-ல் வந்த 'ஏழை படும் பாடு' படத்தைப் பார்த்து உங்கள் வீட்டுப் பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கலாம். நாகையா நடித்த படம். பிரஞ்சு ஆசிரியர் விக்டர் ஹ்யூகோவின் 'லே மிஸரப்ல்' நாவலைச் சுத்தானந்த பாரதியார் அந்தப் பெயரில்தான் தமிழில் தந்தார். பல வருஷங்கள் பெட்டியில் கிடந்த அந்த நாவலை ஹ்யூகோ மறுபடி கையில் எடுத்தது ஒரு சின்னஞ்சிறு தீவில். அந்தத் தீவுக்கு வந்தபோது அவர் மனத்தில் ஆறாத ஒரு புண் இருந்தது.

ஹ்யூகோவுக்கு மூத்த மகள் லியோபோல்டீன் என்றால் உயிர். 1843-ம் வருஷம் பிப்ரவரி மாதம் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. செப்டம்பர் 4-ந் தேதி, வில்லெக்கியே என்ற ஊருக்கு அருகே, சேன் நதியில் படகு கவிழ்ந்தது. அவளைக் காப்பாற்றக் கணவன் திரும்பத் திரும்ப மூழ்கிப் பார்த்தான்; கடைசியில் அவனும் அவளோடு போய்விட்டான். அவளுக்கு வயது 19. இருவரையும் ஒரே பெட்டியில் வைத்து அடக்கம் செய்தார்கள்.

தகப்பனார் அப்போது ஊரில் இல்லை. மனைவியை வீட்டில் விட்டுவிட்டு, ஜூலியட் துரூயே என்ற தோழியுடன் யாத்திரை போயிருந்தார். திரும்பும் வழியில் ஒரு காப்பிக் கடையில் பத்திரிகையைப் பிரித்தார். மகள் மறைந்த செய்தி அதில் அச்சாகியிருந்தது. துக்கத்தோடு குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொண்டால் மனிதன் என்ன பாடுபடுவான்!

1851-ல் லூயி நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றியபோது ஹ்யூகோ எதிர்த்து நின்றார், நாடு கடத்தப்பட்டார். 1852-ல் குடும்பத்தோடு ஜெர்ஸி தீவுக்கு வந்து சேர்ந்தார். சுற்றிலும் கடல், ஓயாத காற்று. மறு வருஷம் அந்த வீட்டில் ஆவிகளோடு பேச ஆரம்பித்தார்கள். மூன்று கால் மேஜையின்மேல் கை வைத்து உட்காருவார்கள். மேஜை தட்டத் தட்ட எழுத்துக் கூட்டுவார்கள். லியோபோல்டீனே வந்துவிட்டாள் என்று பெற்றவர்கள் நம்பி உருகினார்கள். பெற்ற மனம் அல்லவா? பார்த்துச் சிரிக்க நமக்கு என்ன இருக்கிறது?

1855-ல் அங்கிருந்தும் வெளியேற்றப்பட்டு அடுத்த தீவான கெர்ன்ஸிக்குப் போனார். மகளின் நினைவால் நிரம்பிய 'லே கோன்டெம்ப்ளாசியோன்' என்ற கவிதைத் தொகுதி 1856-ல் வெளிவந்தது. அந்தப் பணத்தில் ஒரு வீடு வாங்கினார். மாடி உச்சியில் கண்ணாடி அறை ஒன்று கட்டிக்கொண்டு, கடலைப் பார்த்தபடி நின்றுகொண்டே எழுதினார். ஜூலியட்டும் பக்கத்திலேயே குடியிருந்தாள்.

அந்தத் தீவில் அவருக்குப் புதிய பாசம் ஒன்று பிறந்தது. 1862 முதல் வாரம் ஒரு முறை ஏழைக் குழந்தைகளைத் தம் வீட்டுக்கு அழைத்து வயிறாரச் சாப்பாடு போட்டார். நாளடைவில் நாற்பது குழந்தைகள் வரை வந்தார்கள். தாமே பரிமாறினார். நாவலிலும் பெறாத பெண்ணைப் பெற்ற பெண்ணாக வளர்க்கும் ஒரு தகப்பனைத்தானே படைத்தார்? புண் ஆறத் தொடங்கியது.

ஆனால் அதே வீட்டில் ஓர் இளைய மகள் இருந்தாள். பெயர் அடேல். அக்காள் இறந்தபோது அவளுக்கு 13 வயது. பியானோ வாசிப்பாள், பாட்டுக்கு மெட்டமைப்பாள், நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதுவாள். தகப்பனுக்குத் தீவு தவச்சாலை, அவளுக்கோ சிறைச்சாலை. பெண்ணின் இளமை வீணாகிறதே என்று தாய் மன்றாடினாள். 1859-ல் அரசாங்கம் மன்னிப்பு அளித்தபோது, சுதந்திரம் இல்லாத பிரான்சுக்குத் திரும்ப மாட்டேன் என்று மறுத்தார் ஹ்யூகோ. வீரமான முடிவுதான். ஆனால் அவளை யார் கேட்டார்கள்?

ஜெர்ஸியில் அறிமுகமான பின்ஸன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரியின்மேல் அடேல் மனத்தை வைத்திருந்தாள். அவனோ அவளை ஏற்கவில்லை. 1863-ல், 32-வது வயதில், யாரிடமும் சொல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்பினாள். அட்லாண்டிக் சமுத்திரம் தாண்டி ஹாலிஃபாக்ஸ் நகருக்குப் போய், தனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாகக் கடிதம் எழுதினாள். ஹ்யூகோ அதைப் பத்திரிகையிலும் அறிவித்துவிட்டார். கல்யாணமே நடக்கவில்லை! அவனுடைய படை பார்படோஸ் தீவுக்குப் போனபோது அங்கும் பின்தொடர்ந்தாள். சித்தம் கலங்கியது. 1872-ல் அந்தத் தீவின் கறுப்பினப் பெண்மணி ஒருத்திதான் இரக்கப்பட்டு அவளைப் பாரிசுக்கு அழைத்து வந்து சேர்த்தாள். பெற்றவர்கள் பார்க்கத் தவறியதை அந்நிய ஸ்திரீ ஒருத்தி பார்த்தாள். அதன்பின் மனநோய் விடுதியிலேயே காலம் கழித்து, 1915-ல் அடேல் கண்மூடினாள்.

1927-லிருந்து பாரிஸ் நகரத்தின் சொத்தாக இருக்கும் கெர்ன்ஸி வீட்டை இன்றும் ஜனங்கள் போய்ப் பார்க்கிறார்கள். வில்லெக்கியே கல்லறையில் அக்காளும் தாயும் இருக்கும் இடத்தில்தான் அடேலும் உறங்குகிறாள்.

சகோதரி, போனவர்களுக்காக அழுவது பாவமல்ல. ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்ட கையோடு, கதவோரம் யாராவது நிற்கிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.