பிரஸ் மிஷினும் பத்து விரலும்

டெல்லிக்குப் பக்கத்தில், அரியானா மாநிலத்தில் ஃபரிதாபாத் என்ற ஊர் இருக்கிறது. அங்கே கார், மோட்டார் சைக்கிள் பாகங்கள் செய்யும் பட்டறைகள் ஏராளம். பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் இளைஞர்கள் பிழைப்புத் தேடி அங்கே போகிறார்கள். பலருக்குக் கிடைப்பது பிரஸ் மிஷின் வேலை. அதில் விரலைப் பறிகொடுத்தவர்கள் அந்த ஊரில் நிறைய இருக்கிறார்கள்.

பிரஸ் மிஷினில் கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு. தொழிலாளி கீழ் அச்சின் மேல் இரும்புத் தகட்டை வைக்கிறார். காலால் பெடலை மிதிக்கிறார். மேல் அச்சு தடால் என்று இறங்குகிறது. தகடு வளைகிறது. நாள் முழுவதும் இதே வேலைதான். கை உள்ளே இருக்கும்போது கால் மிதித்துவிட்டால்? மிஷினுக்குத் தகடும் விரலும் ஒன்றுதான்.

இதைத் தடுக்க வழி உண்டு. சில மிஷின்களில் பெடலுக்குப் பதில் இரண்டு பொத்தான்கள் இருக்கும். இரண்டு கைகளாலும் சேர்த்து அழுத்தினால்தான் அச்சு இறங்கும். அப்போது கை உள்ளே இருக்க முடியாது. சில மிஷின்களில் சென்சார் இருக்கும். கை குறுக்கே போனால் அது மிஷினை நிறுத்திவிடும்.

ஆனால் சென்சார் இருந்தால் வேலை மெதுவாகும் என்று அதை அணைக்கச் சொல்லும் சூப்பர்வைசர்கள் இருக்கிறார்கள். தாங்களே அணைத்துவிடும் தொழிலாளிகளும் இருக்கிறார்கள். இரண்டும் தவறு. ஆனாலும் முதல் பொறுப்பு முதலாளியுடையதே. மிஷின் அவருடையது, லாபமும் அவருடையது.

14 வயது நிரம்பாத பிள்ளையைப் பட்டறை வேலையில் வைக்கவே கூடாது. 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களை ஆபத்தான வேலைகளில் வைக்கக் கூடாது. 2016-இல் திருத்திய சட்டம் இதைச் சொல்கிறது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்துக்குப் பதிலாக, 2025 நவம்பர் 21 முதல் புதிய சட்டத் தொகுப்பு வந்துள்ளது. அதன்படி, வேலையில் உள்ள ஆபத்தைப் பற்றி முதலாளியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து நெருங்குகிறது என்று பட்டால் முதலாளியிடமும் ஆய்வாளரிடமும் சொல்லலாம். முதலாளி உடனே சரி செய்ய வேண்டும். தொழிலாளிக்கும் கடமை உண்டு. பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே கெடுக்கக் கூடாது.

கேள்வி கேட்டால் "நாளை வராதே" என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் வீண் பயம் அல்ல. அதனால் நாலு பேர் சேர்ந்து, சங்கத்தின் மூலமோ பாதுகாப்புக் கமிட்டியின் மூலமோ சொல்வது நல்லது.

இன்னொன்று இ.எஸ்.ஐ. பதிவு. விபத்து நடந்த பிறகு அவசரமாகப் பதியும் முதலாளிகளும் உண்டு. வேலையில் சேர்ந்த உடனே இ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். இ.எஸ்.ஐ. உள்ளவருக்கு முதல் நாளே காயம் பட்டாலும் சிகிச்சை உண்டு. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குப் பணம் உண்டு. விரல் போய்விட்டால் இழப்புக்கு ஏற்ற உதவித்தொகையும் உண்டு. சின்னக் காயம்தானே என்று விடாமல், விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.