டிராகுலா என்ற பெயர் வந்த வழி

டிராகுலா யார்னு கேட்டால் பலரிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். "ருமேனியாவில் இருந்த விளாட் என்கிற அரசன். எதிரிகளைக் கழுவில் ஏற்றிக் கொன்றவன். அவன் கதையைத்தான் பிராம் ஸ்டோக்கர் நாவலாக எழுதினார்." நானும் பல வருஷம் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நாவலை இரண்டாவது முறை படிக்கும்போதுதான் சந்தேகம் வந்தது. விளாட் என்ற பெயர் எங்கே? கழுவேற்றும் அரசன் எங்கே? கடைசிப் பக்கம் வரை தேடினேன். இல்லை.

நல்லவேளையாக ஸ்டோக்கரின் கையெழுத்துக் குறிப்புகள் அழியாமல் தப்பிவிட்டன. அவர் இறந்த மறு வருஷம், 1913-ல், ஏலத்தில் போன அந்தத் தாள்கள் இப்போது அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரின் ரோசன்பாக் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றில் மிகப் பழைய தேதி 1890 மார்ச். அப்போதே கதையின் எலும்புக்கூடு தயார்: ஒரு கோட்டை, வயதான பிரபு, அவரைத் தேடிப் போகும் இளம் வக்கீல், அவனை நெருங்கி வரும் பெண்கள். பிரபுவின் பெயர்தான் வேறு. தொடக்கப் பட்டியலில் அவர் 'கவுண்ட் வாம்பிர்'. ரத்தக்காட்டேரிக்கு ரத்தக்காட்டேரி என்றே பெயர் வைத்த மாதிரி! கதை நடக்கும் இடமும் ஆஸ்திரியாவின் ஸ்டைரியா. ஸ்டோக்கரைப் போலவே டப்ளின்காரரான லெ ஃபானு, 1872-ல் வெளியான 'கார்மில்லா'வை அங்கேதான் நடத்தியிருந்தார்.

அந்த வருஷம் கோடையில் ஸ்டோக்கர் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் இருக்கும் விட்பி என்ற சிற்றூருக்கு விடுமுறைக்குப் போனார். லண்டனில் லைசியம் தியேட்டரின் நிர்வாகம் முழுக்க அவர் தலையில் இருந்த காலம். ஓய்வெடுக்கப் போன இடத்திலும் மனுஷர் நூலகத்துக்குப் போயிருக்கார். அங்கே வில்லியம் வில்கின்சன் 1820-ல் வலாக்கியா, மால்டேவியா பற்றி எழுதிய புத்தகம் கிடைத்தது. அதில் துருக்கியரோடு போரிட்ட டிராகுலா என்ற தலைவனைப் பற்றிச் சில வரிகள். கூடவே ஓர் அடிக்குறிப்பு: வலாக்கிய மொழியில் டிராகுலா என்றால் பிசாசு, துணிச்சலாலோ கொடுமையாலோ தந்திரத்தாலோ பேர்போனவர்களுக்கு மக்கள் இந்தப் பட்டப்பெயரைச் சூட்டுவார்கள். ஸ்டோக்கர் அதைப் பிரதி எடுத்துக்கொண்டார். 'வாம்பிர்' போய் 'டிராகுலா' வந்தது.

அந்தப் புத்தகத்தில் விளாட் என்ற பெயரோ கழுவேற்றமோ கிடையாது. அடிக்குறிப்பு சொல்லும் பொருளும் முழுச் சரியில்லை. விளாடின் அப்பா 1431-ல் 'டிராகன்' என்ற வீரர் அமைப்பில் சேர்ந்ததால் 'டிராகுல்' ஆனார். அவர் மகன் டிராகுலா. பிசாசு என்பது அந்தச் சொல்லுக்குப் பிறகு ஏறிய பொருள். ஆக, ஸ்டோக்கர் எடுத்துக்கொண்டது ஒரு மனிதனை அல்ல, ஒரு பெயரின் ஓசையை.

விட்பி இன்னொன்றும் தந்தது. 1885-ல் நார்வா துறைமுகத்திலிருந்து வந்த 'டிமிட்ரி' என்ற ரஷ்யக் கப்பல் அங்கே கரைதட்டியது. அதன் விவரங்களை ஸ்டோக்கர் குறித்துக்கொண்டார். நாவலில் அது வார்னாவிலிருந்து வரும் 'டெமிட்டர்' ஆகிறது. டிரான்சில்வேனியாவை மட்டும் அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. எமிலி ஜெரார்ட் 1885-ல் எழுதிய கட்டுரை போன்றவற்றைப் படித்துத்தான் அந்த மலைகளை எழுப்பினார்.

சரி, பயம் எங்கிருந்து வந்தது? என் ஊகம், அம்மாவிடமிருந்து. சார்லட் ஸ்டோக்கர் சின்ன வயதில், 1832-ல், அயர்லாந்தின் ஸ்லைகோ ஊரைக் காலரா சூறையாடியதைப் பார்த்தவர். கிழக்கிலிருந்து நோய் நெருங்கி வந்ததையும், உயிர் போகுமுன்னே புதைக்கப்பட்டவர்கள் பற்றிய பேச்சையும் பிற்பாடு மகனுக்காக எழுதிக் கொடுத்தார். கிழக்கிலிருந்து வரும் சாவு, சாகாமல் சவப்பெட்டியில் கிடப்பவன். நாவலின் தட்டச்சுப் பிரதியில் தலைப்பு 'டிராகுலா' அல்ல, 'சாகாதவர்'. 1897 மே மாதம் புத்தகம் வெளிவரும் நேரத்தில்தான் தலைப்பு மாறியது.

விளாட் கதை உலகெங்கும் பரவியது மெக்நாலியும் ஃப்ளோரெஸ்குவும் 1972-ல் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு. இப்போது ருமேனியாவின் பிரான் கோட்டைக்குப் போகிறவர்கள் 'டிராகுலா வீட்டைப் பார்த்தேன்' என்று திரும்புகிறார்கள். ஸ்டோக்கரின் கோட்டை போர்கோ கணவாய்ப் பக்கம்; பிரான் அவர் நாவலிலேயே இல்லை.

இதில் என்ன குடிமுழுகிப்போச்சு என்று கேட்கலாம். இரண்டு பேருக்கு நஷ்டம் என்பேன். ருமேனியர்கள் துருக்கியரை எதிர்த்து நின்றவனாக நினைவில் வைத்திருக்கும் ஓர் அரசன், ரத்தம் குடிப்பவனாகிவிட்டான். தியேட்டர் வேலைக்கு நடுவே ஏழு வருஷம் குறிப்பெடுத்து, அடித்து, திருத்தி எழுதிய ஒருவர், யாரோ வாழ்ந்த கதையைச் சும்மா எடுத்து எழுதியவராகிவிட்டார். அடுத்த முறை யாராவது விளாட் பெயரை எடுத்தால், அந்த அடிக்குறிப்பைப் பற்றிச் சொல்லுங்கள். நான் தப்பாகச் சொல்லிவைத்தவர்களிடம் ஒவ்வொருவராகப் போய்த் திருத்திக்கொண்டிருக்கேன்.