கம்ப்யூட்டர் படிப்புக்குக் கடன் கொடுக்கும் முன்...



சென்ற கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒரு விஷயம் பேச்சுக்கு வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகளைக் கம்ப்யூட்டர் படிக்க வைக்க நம் உறுப்பினர் ஒருவர் குழுவில் ரூ.25,000 கடன் வாங்கினார். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, பத்துத் தவணை. மகள் தினமும் பஸ் ஏறிப்போய் ஆறு மாதம் படித்தாள். முடிவில் சான்றிதழும் கொடுத்தார்கள். வேலை கேட்டுப் போன இடத்தில், "ஏ பிளஸ் தேர்வு எழுதி இருக்கியாம்மா?" என்று கேட்டிருக்கிறார்கள். "அதைத்தானே சார் படிச்சேன்" என்று சான்றிதழை நீட்டியிருக்கிறாள். அது படிப்பு மையமே அச்சடித்துக் கொடுத்தது. உண்மையான தேர்வை அவள் எழுதவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"இன்னும் நாலு தவணை பாக்கி இருக்கு. நான் யார்கிட்ட போய்க் கேக்கறது?" என்று அந்த அக்கா கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. இன்னொரு வீட்டுக்கு இப்படி ஆகக்கூடாது என்றுதான் நாங்கள் விசாரித்ததை இங்கே எழுதுகிறோம்.

இது என்ன வேலை?

பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வங்கி, இ-சேவை மையம் என எங்கும் கம்ப்யூட்டர் இருக்கிறது. அது ஓடாமல் நின்றால், பிரிண்டர் வேலை செய்யாவிட்டால், இணையம் கிடைக்காவிட்டால், வைரஸ் புகுந்துவிட்டால் சரிசெய்து கொடுக்க ஆள் வேண்டும். அந்த வேலை தெரியும் என்பதற்கு உலகம் முழுக்கத் தெரிந்த சான்று 'ஏ பிளஸ்'. அமெரிக்காவைச் சேர்ந்த காம்ப்டியா அமைப்பு 1993 முதல் இதை நடத்துகிறது. சான்று 3 ஆண்டு செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும்.

படிப்பு வேறு, தேர்வு வேறு

இதுதான் முக்கியம். யாரிடம் படித்தாலும், வீட்டிலேயே படித்தாலும் காம்ப்டியா கவலைப்படாது. தேர்வில் தேறினால் சான்று, தேறாவிட்டால் இல்லை. படிப்பு மையம் கொடுக்கும் காகிதம், அங்கே படித்ததற்கு அடையாளம், அவ்வளவுதான்.

ஏ பிளஸ் வாங்க இரண்டு தேர்வு எழுத வேண்டும். ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் 90 கேள்வி, 90 நிமிடம். 900க்கு முதல் தேர்வில் 675, இரண்டாவதில் 700 எடுத்தால் தேர்ச்சி. இரண்டுக்கும் தனித்தனிக் கட்டணம். அது சின்னத் தொகை இல்லை. தவறிவிட்டால் மறுபடி கட்ட வேண்டும். ஆகவே "எங்க கோர்ஸ் ஃபீஸ் இவ்வளவு" என்று சொன்னால், "தேர்வுக் கட்டணமும் சேர்த்தா?" என்று கேளுங்கள். "சேர்த்துத்தான்" என்றால் ரசீதில் எழுதி வாங்குங்கள்.

எண்ணைப் பாருங்கள்

கம்ப்யூட்டர் மாறிக்கொண்டே இருப்பதால் பாடமும் மாறுகிறது. இப்போதைய தேர்வுகளின் எண் 220-1201, 220-1202. இவை 2025 மார்ச்சில் வந்தன. அதற்கு முந்தைய 220-1101, 220-1102 தேர்வுகள் 2025 செப்டம்பரோடு நிறுத்தப்பட்டன. புத்தகமோ, வீடியோவோ, கோர்ஸோ, எதை வாங்கினாலும் இந்த எண்ணை முதலில் பாருங்கள். பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று பழைய புத்தகத்தை வாங்கினால், எழுத முடியாத தேர்வுக்குப் படித்த கதையாகிவிடும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்த வழக்கமான ஆதரவே 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. பழைய பாடத்தில் இதெல்லாம் இருக்காது.

என்னென்ன படிக்க வேண்டும் என்ற முழுப் பட்டியலையும் காம்ப்டியா தன் இணையதளத்தில் இலவசமாகவே தருகிறது. அதை அச்செடுத்து வைத்துக்கொண்டு, பணம் கேட்கும் கோர்ஸின் பாடப் பட்டியலோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

காசில்லாமல் தொடங்கலாம்

எடுத்த எடுப்பில் கடன் வேண்டாம். அமெரிக்காவின் ஜேம்ஸ் மெஸ்ஸர் என்பவர் 'புரொஃபசர் மெஸ்ஸர்' என்ற பெயரில் இரண்டு தேர்வுக்கும் உரிய முழுப் பாடத்தையும் யூடியூபில் இலவச வீடியோவாகப் போட்டிருக்கிறார். சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியிலும் கம்ப்யூட்டர் பாகங்கள் பற்றிய இலவசப் பாடம் உண்டு. கூகுளின் ஐ.டி. சப்போர்ட் சான்றிதழ் கோர்செரா தளத்தில் 2018 முதல் நடக்கிறது. அதற்கு மாதச் சந்தா என்பதால், இழுத்துக்கொண்டே போனால் செலவும் ஏறும். அது வேறு சான்றிதழ். ஏ பிளஸ் ஆகாது என்பதையும் மறக்காதீர்கள்.

முதல் ஒரு மாதம் இலவச வீடியோவை வைத்துப் படிக்கட்டும். தினம் ஒரு மணி நேரம் உட்காருகிறாளா, பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். தானே படிப்பதில் பெரிய சிக்கல், விட்டுவிடுவதுதான். வீட்டு வேலை, தம்பியைப் பார்ப்பது, தண்ணீர் பிடிப்பது எல்லாம் மகள் தலையிலேயே விழுந்தால் எந்தக் கோர்ஸும் முடியாது. அந்த ஒரு மணி நேரத்தை அவளுக்கு ஒதுக்கிக் கொடுப்பது அம்மாவின் வேலை.

தேர்வு தமிழில் இல்லை. ஆங்கிலத்தில் கேள்வியைப் படித்துப் புரிந்துகொள்ளப் பழக வேண்டும். கம்ப்யூட்டரையே தொட்டதில்லை என்றால், மத்திய அரசின் நைலிட் நடத்தும் சி.சி.சி. என்ற 80 மணி நேர அடிப்படைப் படிப்பை முதலில் முடிக்கலாம். அதை மையத்தில் சேராமல் நேரடியாகவும் எழுதலாம்.

கையும் பழக வேண்டும்

நீச்சலைப் புத்தகத்தில் படித்தால் போதுமா? முதல் தேர்வில் 100க்கு 28 பங்கு, கோளாறு கண்டுபிடிப்பதுதான். திரையிலேயே செய்துகாட்டச் சொல்லும் கேள்விகளும் வரும். பழைய கம்ப்யூட்டர் ஒன்று கிடைத்தால் போதும். கரண்ட் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, மெமரியைக் கழற்றி மாட்டுவது, ஹார்டு டிஸ்க்கை மாற்றுவது, விண்டோஸ் போடுவது எல்லாம் பழகலாம். மின்சாரம் வரும் பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பக்கத்து டவுன் சர்வீஸ் கடையில் கொஞ்ச நாள் கூடமாட நின்று கற்றால் இன்னும் நல்லது.

"பரீட்சைக்கு வர்ற கேள்வியை அப்படியே தர்றோம்" என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். திருட்டுக் கேள்வித்தாளை வைத்து எழுதினது தெரிந்தால் காம்ப்டியா சான்றையே ரத்து செய்துவிடும். "நூறு சதம் வேலை உறுதி" என்பவரையும் நம்ப வேண்டாம்.

குழுக் கூட்டத்தில் கேட்க வேண்டியவை

1. எந்தத் தேர்வு, எண் என்ன?
2. சான்றிதழ் தருவது யார்? மையமா, காம்ப்டியாவா?
3. தேர்வுக் கட்டணம் சேர்ந்ததா? ரசீது உண்டா?
4. ஒரு மாதம் இலவசமாகப் படித்துப் பார்த்தாளா?
5. கை வைத்துப் பழகக் கம்ப்யூட்டர் உண்டா?
6. பாதியில் நின்றால் பணம் திரும்புமா?

எங்கள் யோசனை இது. கடனை மொத்தமாகக் கொடுக்காமல் பிரித்துக் கொடுங்கள். முதலில் புத்தகத்துக்கும் மாதிரித் தேர்வுக்கும் மட்டும். மாதிரித் தேர்வில் தொடர்ந்து நல்ல மதிப்பெண் வந்த பிறகு முதல் தேர்வுக் கட்டணம். அதில் தேறிய பிறகு இரண்டாவது. தேர்வை வீட்டிலிருந்தும் எழுதலாம்தான். ஆனால் கரண்ட் போனாலோ நெட் நின்றாலோ சிரமம். பியர்சன் வியூ தேர்வு மையத்துக்கே போய் எழுதுவது நல்லது. பஸ் செலவையும் கடனில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

அந்த அக்காவின் மகள் இப்போது வீட்டிலிருந்தே 220-1201க்குப் படிக்கிறாள். மீதித் தவணைக்குக் கால நீட்டிப்பு கொடுத்துக் குழுவில் தீர்மானம் போட்டாயிற்று. படிப்புக்குக் கடன் கொடுப்பதை நிறுத்த வேண்டாம், தோழிகளே. ஒரு கறவை மாடு வாங்கக் கடன் கேட்டால் பல்லைப் பார்க்கிறோம், மடியைப் பார்க்கிறோம், நாலு பேரிடம் விசாரிக்கிறோம். பிள்ளையின் படிப்புக்கும் அதே விசாரணை வேண்டும். இந்தப் பக்கத்தை அடுத்த கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள்.