ஷாக் அப்சார்பரும் கமான் பட்டையும்

அம்பாசடர் காரின் பின்பகுதி
தயாரிப்பு: இந்துஸ்தான் மோட்டார்ஸ், உத்தர்பாரா, மேற்கு வங்காளம். 1950-களின் இறுதியிலிருந்து 2014 வரை.

பள்ளத்தில் விழும் அதிர்ச்சியை வாங்குவது, பெயரைப் பார்த்து நாம் நினைப்பதுபோல், ஷாக் அப்சார்பர் அல்ல. அடுக்கடுக்கான எஃகுத் தகடுகளாலான கமான் பட்டைதான். அழுந்திய பட்டை பழைய நிலைக்கு மீளும்போது கார் துள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் துள்ளலை அடக்குவதே ஷாக் அப்சார்பரின் வேலை. குழாய்க்குள் பிஸ்டன் நகர, ஆயில் சிறு துளைகள் வழியே நெருக்கிக்கொண்டு பாய்கிறது. துள்ளலின் ஆற்றல் வெப்பமாகிறது. கரடுமுரடான சாலையில் ஓடி வந்ததும் குழாய் சுடுவது அதனால்தான்.

சீல் தேய்ந்தால் ஆயில் கசியும், டயர் திட்டுத்திட்டாகத் தேயும். காரின் மூலையை அழுத்தி விட்டால் ஒருமுறை எழுந்து நிற்காமல் ஆடிக்கொண்டிருக்கும்.

குழாயின் மேல் புழுதி அப்பிய கரிய தடத்தைப் பாருங்கள்: இது ஆயில் கசிந்து ஓய்ந்த ஷாக் அப்சார்பர்.